கோழிக்குக் காய்ச்சல்! கொட்டகைத் தொழிலாளிக்கு யார் காவல்?

வாணியம்பாடி என்றால் தோல். வாணியம்பாடி என்றால் பிரியாணி.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர் இது. 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. இங்கும் பக்கத்து ஊரான ஆம்பூரிலும் பதனிடும் தோல், பூட்ஸாகவும் பையாகவும் மாறிக் கடல் கடந்து போகிறது.

தோல் வேலை செய்கிறவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். செத்த மாட்டின் தோலோடு, அந்த மாட்டின் வியாதியும் கூட வரலாம்!

இதே வட்டாரத்துக் கிராமங்களில் இன்னொரு தொழிலும் நடக்கிறது. அது கோழி வளர்ப்பு.

ஊருக்கு வெளியே, நிலத்தின் நடுவே, நீளமான கொட்டகை. பக்கத்தில் கம்பி வலை. தரையில் உமி. அதன் மேல் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும். விவசாயி கொட்டகையும் உழைப்பும் கொடுப்பார். சுமார் 40 நாளில் குஞ்சு 2 கிலோ எடையுள்ள கோழியாகும். லாரி ஏறும்.

அந்த 40 நாளும் கோழியோடு கோழியாக இருப்பவர் யார்?

கொட்டகைத் தொழிலாளி!

தீவனம் கொட்டுகிறவர் அவர். ஈர உமியைக் கிளறிப் போடுகிறவர் அவர். காலையில் செத்துக் கிடக்கும் கோழியைப் பொறுக்கி எடுக்கிறவர் அவர். நடு இரவில் கோழிகளின் காலைப் பிடித்துத் தூக்கிக் கூண்டில் அடைக்கிறவரும் அவரே. எருவை வாரிக் கூடையில் சுமக்கிறவர் பல இடங்களில் அவருடைய மனைவி.

கோழிக்குக் கொடிய காய்ச்சல் வந்தால், அதன் மூச்சுக்கு அருகே முதலில் நிற்பவர் இவர்தான்.

இவருக்கு யார் காவல்?

எல்லைக்கு அப்பால் ஒரு செய்தி

2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஆந்திர மாநிலத்தில், மேற்கு கோதாவரி மாவட்டம் வேல்பூரிலும், கிழக்கு கோதாவரி மாவட்டம் கானூர் அக்ரஹாரத்திலும் பண்ணைக் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன.

செத்த கோழிகளின் மாதிரிகள் போபால் நகருக்குப் போயின. கால்நடைகளின் கொடிய நோய்களை ஆராயும் மத்திய அரசு நிலையம் அங்கே இருக்கிறது. பறவைக் காய்ச்சல்தான் என்று நிலையம் முடிவு சொல்லிற்று.

அடுத்த மாதம் இன்னொரு செய்தி வந்தது. அதே மாநிலத்தில், பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த 2 வயதுக் குழந்தை மங்களகிரி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் இறந்தது. குழந்தையைக் கொன்றது பறவைக் காய்ச்சல் கிருமி என்று பரிசோதனையில் தெரிந்தது. வேகாத கோழிக்கறித் துண்டு ஒன்றை அந்தக் குழந்தை தின்றதாகப் பத்திரிகைகள் எழுதின.

இந்தியாவில் இந்தக் கிருமிக்கு மனித உயிர் பலியானது அதுதான் முதல் தடவையா? இல்லை. 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் இறந்தான். அதுதான் முதல் பலி.

கோதாவரி எங்கே, பாலாறு எங்கே என்று நினைக்கலாம். ஆந்திர எல்லை வாணியம்பாடிக்கு வெகு பக்கம். பாலாறே ஆந்திராவைத் தாண்டித்தான் இங்கே இறங்குகிறது. ஆறு வருகிற வழியில் லாரியும் வருகிறது. லாரியில் கோழி வரும். முட்டை வரும். தீவனம் வரும். காலிக் கூண்டு வரும்.

சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தலாம். மேலே பறக்கும் கொக்கையும் காட்டு வாத்தையும் யார் நிறுத்துவது?

20 ஆண்டுக் கதை

இந்தியாவுக்கு இந்த நோய் புதிதல்ல. 2006-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்து நவாபூரில் முதன் முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

2008-ம் ஆண்டு ஜனவரியில் மேற்கு வங்காளத்தைப் பிடித்தது. 30 லட்சத்துக்கும் அதிகமான கோழிகளையும் வாத்துகளையும் கொன்று புதைத்தார்கள். அதிகாரிகள் வருகிறார்கள் என்று கேட்டதும், சில கிராமங்களில் மக்கள் கோழிகளை ஒளித்து வைத்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது.

ஏன் ஒளித்தார்கள்? கோழி போனால் பிழைப்பு போகும் என்ற பயம்! அந்தப் பயத்தை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது பெரிய விஷயமாக வரப் போகிறது.

பிறகு கேரளம். ஆலப்புழை, கோட்டயம் பக்கத்து வாத்துகளை 2014-ம் ஆண்டு தாக்கிற்று. 2021-ம் ஆண்டு மறுபடியும் வந்தது. 2024-ம் ஆண்டிலும் ஆலப்புழையை அது விடவில்லை.

மேற்கே கேரளம். வடக்கே ஆந்திரா. நடுவே தமிழ்நாடு! நாட்டிலேயே முட்டை உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் மாநிலம் இது. நாமக்கல் முட்டை பள்ளிக்கூடத்துச் சத்துணவுத் தட்டு வரை போகிறது. இங்கே கோழிக்கு ஆபத்து என்றால் லட்சக்கணக்கான குடும்பங்களின் அடுப்புக்கும் ஆபத்து.

அந்தக் கிருமி எது?

பறவைக் காய்ச்சல் ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. மனிதருக்கு வரும் 'புளூ' காய்ச்சலின் கிருமிக்கு இது உறவு. இதில் பல வகை உண்டு. மிகக் கொடியது எச்5என்1 என்னும் வகை.

காட்டு வாத்தின் குடலில் இது குடியிருக்கும். பல சமயம் வாத்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் எச்சத்தில் கிருமி வெளியே வரும். எச்சம் குளத்து நீரில் விழும். அந்த நீர் பட்ட கால், அந்த நீர் பட்ட செருப்பு, அந்த நீர் பட்ட தீவனம் கோழிக் கொட்டகைக்குள் நுழைந்தால் தீர்ந்தது!

கோழிக்கு வந்தால் அறிகுறி என்ன? காலையில் நன்றாக மேய்ந்த கோழி மாலையில் செத்துக் கிடக்கும். கொண்டையும் தாடியும் நீலமாகும். தலை வீங்கும். முட்டை திடீரென்று குறையும். ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்கும் சாவு நூறாகும். நூறு ஆயிரமாகும்.

மனிதனுக்கு எப்படி வரும்? செத்த கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் வரலாம். காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் வரலாம். கோழியை உரிக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும் வரலாம்.

1997-ம் ஆண்டு ஹாங்காங் நகரத்தில் 18 பேருக்கு இது வந்தது. 6 பேர் இறந்தார்கள். கோழியிடமிருந்து நேராக மனிதனுக்குத் தாவி உயிரையும் குடிக்கும் என்று உலகத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

2003-ம் ஆண்டுக்குப் பிறகு உலகத்தில் 950-க்கும் அதிகமானவர்களுக்கு எச்5என்1 வந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்து போனார்கள். லேசாக வந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமலேயே தேறியவர்கள் இந்தக் கணக்கில் இருக்க மாட்டார்கள். ஆனாலும் இது விளையாட்டான வியாதி அல்ல.

ஓர் ஆறுதல் உண்டு. மனிதனிடமிருந்து மனிதனுக்குச் சுலபமாகப் பரவ இந்தக் கிருமிக்கு இன்னும் தெரியாது. சந்தைக்கும் சினிமாவுக்கும் போகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் யார் பயப்பட வேண்டும்? தினமும் கோழியைத் தொடுகிறவர்!

வீட்டுக்கும் வந்தது!

நெதர்லாந்து ஐரோப்பாவில் உள்ள சின்ன நாடு. 2003-ம் ஆண்டு அங்கே எச்7என்7 என்னும் வேறு வகைப் பறவைக் காய்ச்சல் வந்தது. சுமார் 3 கோடிக் கோழிகளைக் கொன்றார்கள்.

89 மனிதர்களுக்கும் கிருமி தொற்றியது. அவர்களில் 86 பேர் கோழிப் பண்ணையில் வேலை செய்தவர்கள், கோழிகளை அழிக்க வந்தவர்கள். பெரும்பாலோருக்குக் கண் சிவந்தது. எரிந்தது. அவ்வளவுதான். ஆனால் ஒரு கால்நடை டாக்டர் இறந்து போனார்.

மீதி 3 பேர்? அவர்கள் வேலைக்குப் போனவர்களின் வீட்டில் இருந்தவர்கள்!

கொட்டகைத் தொழிலாளிக்கு வருவது அவரோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அவர் கழற்றிப் போட்ட சட்டை, அவர் கழுவாத கை, ஓடி வந்து மடியில் ஏறும் குழந்தை. இவ்வளவு போதும்.

ரஷ்ய நாட்டில் அஸ்திரகான் என்னும் பகுதியில் ஒரு பண்ணையில் 2020-ம் ஆண்டு டிசம்பரில் கோழிகள் செத்தன. அந்தப் பண்ணையில் வேலை செய்த 7 பேருக்கு எச்5என்8 கிருமி தொற்றியிருந்ததை அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்த வகை மனிதனுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. யாருக்கு? பண்ணைத் தொழிலாளிக்கு!

கம்பளி ஆலையின் பாடம்

இனி ஒரு பழைய கதை. தோல் ஊருக்குப் பொருத்தமான கதை.

இங்கிலாந்தில் பிராட்போர்டு என்று ஒரு நகரம். கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர். சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே ஆட்டு மயிரைத் தரம் பிரிக்கும் தொழிலாளர்கள் திடீர் திடீரென்று இறந்தார்கள். காலையில் மூச்சுத் திணறும். ஓரிரு நாளில் ஆள் போய்விடுவான். 'கம்பளி பிரிப்போர் நோய்' என்று அதற்குப் பெயர்.

பெல் என்ற டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். அது ஆடு மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய்தான்! தூர தேசத்தில் நோயால் செத்த ஆட்டின் மயிரில் கிருமி ஒளிந்திருந்தது. மூட்டையைப் பிரித்தபோது தூசியோடு மனிதனின் நெஞ்சுக்குள் போயிற்று.

என்ன செய்வது? தொழிலாளியைப் பார்த்து, "ஜாக்கிரதையாக இரு" என்று சொல்லலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமியிடம் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது?

1919-ம் ஆண்டு வாஷிங்டன் நகரத்தில் சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு முதல் தடவையாகக் கூடிற்று. அடைப்பான் நோயைப் பற்றி அந்த மகாநாடு ஒரு யோசனை சொன்னது. கிருமியுள்ள கம்பளியை ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே சுத்தம் செய்ய வேண்டும். அது முடியாவிட்டால் வந்து இறங்கும் துறைமுகத்தில் சுத்தம் செய்ய வேண்டும்!

அதாவது, சரக்கு தொழிலாளியின் கைக்கு வருவதற்கு முன்பே கிருமியைக் கொல்ல வேண்டும்.

இதுதான் பாடம். தொழிலாளியின் முகமூடி கடைசி வேலி. முதல் வேலியை முதலாளியும் அரசாங்கமும் போட வேண்டும். கம்பளிக்குப் பொருந்தியது கோழிக்கும் பொருந்தும்.

முதல் வேலி: கிருமி உள்ளே வரக் கூடாது

கொட்டகையைச் சுற்றி நல்ல கம்பி வலை வேண்டும். காக்கையும் கொக்கும் தீவனத் தொட்டியில் வாய் வைக்கக் கூடாது. குளத்து நீரை அப்படியே கோழிக்கு விடக் கூடாது.

வாசலில் மருந்து நீர்த் தொட்டி வேண்டும். உள்ளே போகிறவர் அதில் கால் நனைத்துப் போக வேண்டும். தொட்டி இருந்தால் மட்டும் போதாது. மருந்து தினமும் மாற வேண்டும். வெயிலில் காய்ந்து, சேறு படிந்து கிடக்கும் தொட்டி யாரையும் காப்பாற்றாது.

வெளியூர் லாரியின் சக்கரத்துக்கும் கூண்டுக்கும் மருந்து தெளிக்க வேண்டும். ஒரு பண்ணையில் கோழி ஏற்றிய கூண்டு, கழுவாமல் அடுத்த பண்ணைக்குப் போகக் கூடாது.

பண்ணையில் வேலை செய்கிறவர் வீட்டில் கோழி வாத்து வளர்க்காமல் இருப்பது நல்லது. வீட்டுக் கோழியின் நோய் பண்ணைக்குப் போகும். பண்ணை நோய் வீட்டுக்கு வரும். வீட்டுக் கோழியின் முட்டைக் காசு போகிறதே என்று தொழிலாளியின் மனைவி கேட்டால் அது நியாயமான கேள்வி. அதைக் கூலியில் சேர்த்துக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு.

இரண்டாம் வேலி: உடுப்பு

கோழிகள் கூட்டமாகச் சாக ஆரம்பித்தால் சாதாரணச் சட்டையோடு உள்ளே போகக் கூடாது. உடம்பை மூடும் அங்கி, கையுறை, ரப்பர் பூட்ஸ், கண் கண்ணாடி, என்95 முகமூடி ஆகிய ஐந்தும் வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் தூசி கொஞ்சம் குறையும். கிருமி நிற்காது.

கண்ணாடியைப் பலர் மறந்துவிடுவார்கள். நெதர்லாந்தில் சிவந்தது கண்தான் என்பதை மறக்கக் கூடாது!

போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். முதலில் பூட்ஸை மருந்து நீரில் கழுவ வேண்டும். பூட்ஸையும் அங்கியையும் கழற்ற வேண்டும். பிறகு கையுறை. உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவிய கையால் கண்ணாடியையும், கடைசியில் முகமூடியையும் எடுக்க வேண்டும். மறுபடியும் கை கழுவ வேண்டும்.

இந்தக் கிருமியின் மேலே கொழுப்பால் ஆன மெல்லிய உறை உண்டு. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். உறை போனால் கிருமி செத்தது. சில ரூபாய் சோப்பு செய்கிற வேலை இது!

பண்ணையிலேயே குளிக்க இடம் வேண்டும். வேலைத் துணி பண்ணையிலேயே துவைக்கப்பட வேண்டும். குழந்தையின் சட்டையோடு அது ஒரே வாளியில் ஊறக் கூடாது.

வெயில் என்ன செய்யும்?

இதெல்லாம் சொல்லச் சுலபம். வேலூர், திருப்பத்தூர் வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியுமா?

இந்தக் கேள்வியை அமெரிக்கா பார்த்துவிட்டது. 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் கொலராடோ மாநிலத்துப் பண்ணைகளில் நோய் வந்தது. கோழிகளைக் கொல்லத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். கொட்டகைக்குள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ்! வெப்பத்தைத் தணிக்கப் பெரிய பெரிய விசிறிகள் சுழன்றன. காற்றில் இறகும் தூசியும் பறந்தன. வியர்வையில் கண்ணாடி நழுவிற்று. முகமூடி முகத்தில் ஒட்டி நிற்கவில்லை. முடிவு? 9 தொழிலாளருக்குத் தொற்றிவிட்டது.

அமெரிக்காவில் நடந்தது இது. உடுப்புக்குப் பஞ்சமில்லாத நாடு அது. வெயிலை மறந்ததால் வந்த வினை!

வாணியம்பாடி வட்டாரத்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆகையால் இங்கே வேலை நேரத்தை மாற்ற வேண்டும். விடியற்காலையில் ஆரம்பிக்க வேண்டும். ஒரே ஆள் நெடு நேரம் உள்ளே நிற்காமல் ஆள் மாற வேண்டும். வெளியே நிழலும் குடிக்க நீரும் தயாராக இருக்க வேண்டும். "தாகம் எடுக்கிறது" என்று கொட்டகைக்குள்ளேயே முகமூடியை இறக்கும் நிலை வரக் கூடாது.

மூன்றாம் வேலி: மருந்து

நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 1 கிலோமீட்டர் வட்டத்தில் கோழிகளை அழிப்பார்கள். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். இது மத்திய அரசின் திட்டம். செத்த கோழிகளை ஆழமான குழியில் போட்டு, மேலே சுண்ணாம்பு கொட்டி மூடுவார்கள். தோலின் மயிரைப் போக்கச் சுண்ணாம்பு போடும் ஊருக்கு அதன் காரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

அழிக்கும் வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஓசல்டாமிவிர் என்னும் மாத்திரை கொடுக்கிறார்கள். வேலை முடிந்த பிறகும் 10 நாள் அவர்கள் உடம்பைக் கவனிக்கிறார்கள். காய்ச்சல், இருமல், தொண்டை வலி, கண் சிவப்பு, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் 2 நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால் நல்ல பலன் கிடைக்கும். டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது.

டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "நான் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறேன், கோழிகள் செத்தன" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது சாதாரண ஜுரம்!

வருஷா வருஷம் வரும் சாதாரணப் புளூவுக்குத் தடுப்பு ஊசி உண்டு. அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனாலும் பண்ணைத் தொழிலாளிக்கு அது நல்லது என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஏன்? சாதாரணப் புளூ கிருமியும் பறவைக் கிருமியும் ஒரே உடம்பில் சந்தித்தால் ஒன்றின் குணத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளலாம். கொல்லும் குணமும் பரவும் குணமும் ஒரே கிருமிக்கு வந்துவிட்டால் உலகத்துக்கே ஆபத்து.

பின்லாந்து நாடு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பறவைக் காய்ச்சலுக்கே தடுப்பு ஊசி வாங்கி, ஆபத்தான வேலையில் உள்ள சுமார் 10,000 பேருக்குப் போட 2024-ம் ஆண்டு ஏற்பாடு செய்தது. கோழிப் பண்ணைத் தொழிலாளர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். உலகத்தில் இப்படிச் செய்த முதல் நாடு அதுதான்.

நான்காம் வேலி: கூலி!

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலி ஒன்று உண்டு. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அதுதான் கூலி.

மேற்கு வங்காளத்தில் கோழியை ஏன் ஒளித்தார்கள்? பிழைப்பு போகும் என்ற பயத்தால். கொட்டகைத் தொழிலாளிக்கும் அதே பயம் உண்டு.

காலையில் 20 கோழி செத்துக் கிடக்கிறது. அதை முதலில் பார்ப்பவர் அவர். வெளியே சொன்னால் பண்ணை மூடப்படும். மாதக் கணக்கில் புதுக் குஞ்சு வராது. வேலை இருக்காது. தனக்கே ஜுரம் வந்தாலும் அதே கதைதான். சொன்னால் 10 நாள் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். 10 நாள் கூலியை யார் கொடுப்பார்?

அவர் வாய் மூடிக்கொண்டால் குற்றம் அவருடையதா?

நோய்க்காக அரசாங்கம் கோழிகளைக் கொன்றால் நஷ்ட ஈடு உண்டு. மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. கோழிக்கு உண்டு. முட்டைக்கு உண்டு. அழித்த தீவனத்துக்கும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் தொழிலாளியின் கூலி இல்லை!

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. வேலையால் வரும் வியாதிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று 1923-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. விலங்குகளையும், அவற்றின் செத்த உடலையும், அவற்றால் கிருமி பட்ட சரக்கையும் கையாளும் வேலையில் தொற்றுநோய் வந்தால், அது வேலையால் வந்த வியாதி என்று அந்தப் பட்டியல் சொல்கிறது.

பச்சைத் தோலைத் தூக்குகிறவருக்கும், செத்த கோழியைத் தூக்குகிறவருக்கும் சட்டத்தில் ஒரே வரிதான்!

ஆனால் வரி இருந்தால் போதுமா? இவர் இந்தப் பண்ணையில் வேலை செய்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். மேஸ்திரி கூட்டி வந்த ஆளுக்கு, கையில் எண்ணிக் கொடுத்த கூலிக்கு, எந்தப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது? தொழிலாளியின் பெயரைக் கூலிப் புத்தகத்தில் எழுதுவது பெரிய காரியம் அல்ல. ஒரு பேனாவும் நேர்மையும் போதும். அது முகமூடிக்குச் சமமான காவல்.

பண்ணை முதலாளிக்கும் இதில் லாபம் உண்டு. "செத்த கோழியைச் சொன்னால் கூலி குறையாது. ஜுரம் என்று சொன்னால் 10 நாள் கூலி வீட்டுக்கு வரும்." இப்படி ஒரு வார்த்தை கொடுத்த பண்ணையில் நோய் முதல் நாளே வெளியே தெரியும். முதல் நாளே தெரிந்தால் பக்கத்துப் பண்ணைகள் பிழைக்கும்.

கோழிக்குத் தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் தெரிவிப்பது கடமை என்று 2009-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் சொல்லலாம். 1962 என்ற எண்ணில் கால்நடைத் துறையைக் கூப்பிடலாம். மனிதருக்கு உடம்பு சரியில்லை என்றால் 104-ல் ஆலோசனை கேட்கலாம்.

பிரியாணி சாப்பிடலாமா?

சாப்பிடலாம்!

70 டிகிரி வெப்பத்தில் கறி முழுவதும் வெந்தால் கிருமி செத்துப் போகும். தம் போட்டு இறக்கிய பிரியாணியில் கிருமி பிழைக்காது. முட்டையை மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேக வைக்க வேண்டும். பச்சைக் கறி நறுக்கிய கத்தியாலும் பலகையிலும் கழுவாமல் வெங்காயம் நறுக்கக் கூடாது. தானாகச் செத்த கோழியை விலை மலிவு என்று வாங்கக் கூடாது. செத்துக் கிடக்கும் காக்கையையோ கோழிக் குஞ்சையோ குழந்தைகள் கையில் எடுக்க விடக் கூடாது.

சாப்பிடுகிறவருக்கு அடுப்பு காவல். அடுப்புக்கு வருவதற்கு முன்னால், 40 நாள் அந்தக் கோழியோடு இருந்தவருக்கு வலை, சோப்பு, முகமூடி, மருந்து, கூலி ஆகிய ஐந்தும் காவல். முதல் நான்கையும் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வாங்கிவிடலாம். ஐந்தாவதை முதலாளியும் அரசாங்கமும் மனம் வைத்துக் கொடுக்க வேண்டும்.